காட்டாற்றுக்குக் காவல் யார்?

மேட்டூர் அணை நிரம்பி மிகை நீர் திறக்கப்பட்டது என்னும் செய்தி எட்டிவிட்டால், திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் அதைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. இன்றைக்கு எத்தனை ஆயிரம் கன அடி வருகிறது, முக்கொம்பில் கொள்ளிடத்துக்கு எவ்வளவு தள்ளுகிறார்கள், அம்மா மண்டபப் படித்துறையில் எத்தனை படி முழுகியிருக்கிறது என்று காய்கறிக் கடையிலும் கோயில் வாசலிலும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறார்கள். அணைக்கும் நகரத்துக்கும் இடையே 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைக் கடந்து வர வேண்டியிருப்பதால், காவிரியின் பிரவாகம் தன் வருகையை முன்னதாக அறிவித்துவிட்டே வருகிறது. வரும்போது அதிகப்படியான ஜலத்தை ஏற்றுக்கொள்ள ஸ்ரீரங்கத் தீவின் வடபுறத்தில் அகன்று தாழ்ந்த கொள்ளிடமும் இருக்கிறது. ஆயினும் அணை எழுந்த பிறகு இந்நகரத்தின் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்த பெரிய சந்தர்ப்பங்களை எண்ணிப் பார்ப்போமானால், மிகுந்த சேதத்தை விளைவித்தவை, வருஷத்தில் பெரும்பகுதி வறண்டு கிடக்கிற காரணத்தால் எவருடைய நினைவிலும் தங்காத காட்டாறுகளாகிய கோரையாறும் அரியாறும் குடமுருட்டியுமே என்பது புலப்படும்.

1977 நவம்பர் 12 ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கு அருகே கரையேறிய புயல், கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளடங்கியிருக்கும் திருச்சிக்குக் காற்றைக் காட்டிலும் மழையாகவே வந்து சேர்ந்தது. மணப்பாறை, விராலிமலைப் பக்கத்து மேட்டு நிலங்களில் பெய்த மழை, ஏரிகளை நிரப்பிக் கரைகளை மீறி, கோரையாற்றிலும் அரியாற்றிலும் ஒருங்கே இறங்கி, புத்தூரில் உய்யக்கொண்டான் வாய்க்காலோடு கலந்து, குடமுருட்டியின் வழியாகக் காவிரியை அடைய முயன்றது. உறையூரும் புத்தூரும் தில்லைநகரும் தண்ணீரில் நின்றன. ஒரே வாரத்தில் ஆந்திரக் கரையைத் தாக்கிய இன்னொரு புயல் பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபடியால் தேசத்தின் கவனம் அங்கே திரும்பிவிட்டது, அது நியாயமே. ஆனால் திருச்சி தன் சொந்த அனுபவத்தைத் தானே மறந்ததற்கு அது சமாதானம் ஆகாது. 2005 ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அதே காட்டாறுகள் அதே தாழ்வான பகுதிகளைத் தேடி வந்தபோது, 1977க்குப் பிறகு எழும்பிய புதிய நகர்கள் பலவற்றின் ஜனங்களுக்குத் தங்கள் வாசலுக்குப் பின்னால் ஓர் ஆறு ஓடுகிறது என்பதே அன்றுதான் தெரிந்தது.

இதில் இயற்கையின் ஏற்பாடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். காவிரி தாழ்ந்து ஓடும் நாட்களில் குடமுருட்டி கொண்டுவரும் நீர் தடையின்றி வடிந்துவிடும். காவிரியும் கரை நிரம்பிச் செல்லும் நாளில், வாய் அடைபட்டதுபோல் அந்த நீர் பின்வாங்கித் தெருக்களுக்குள் ஏறும். மேட்டூரில் அளக்கும் கருவி இதைச் சொல்லாது. தெற்கே சில மணி நேரம் கொட்டிய மழை எப்போது பஞ்சப்பூரைத் தாண்டும், எப்போது எடமலைப்பட்டிபுதூரை எட்டும் என்பதை அந்தக் கரையிலேயே வாழ்கிறவர்கள்தாம் முதலில் அறிய முடியும்.

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் நாம் கல்லையும் இரும்பையும் நம்பியிருக்கிறோம். 1924 ஜூலையில் காவிரிப் படுகை முழுவதையும் கலங்கடித்த பெருவெள்ளத்துக்குப் பின் மேட்டூர் அணை 1934 இல் எழுந்தது. 1836 இல் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 ஆம் தேதி இரவு கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்ட பின்னர், சுமார் 387 கோடி ரூபாய்ச் செலவில் புதிய கதவணை கட்டப்பட்டது. இவையெல்லாம் அவசியமான காரியங்கள். ஆனால் எந்தத் தெருவில் எந்த வீட்டில் மாடிப்படிகூட ஏற இயலாத முதியவர் படுத்திருக்கிறார் என்பதை எந்தக் கதவணையும் அறியாது.

காவிரிப் பிரதேசத்தில் இதற்கு ஒரு பழைய முறை இருந்தது. வெள்ளக் காலத்தில் கிராமத்தார் முறை வைத்து இரவெல்லாம் கரையில் காவல் இருப்பதும், கசிவு கண்ட இடத்தில் உடனே மண்ணும் சவுக்குக் கட்டையும் வைக்கோலும் கொண்டு அடைப்பதும், கோடையில் வாய்க்காலைத் தாமே தூர்வாருவதும் குடிமராமத்து என்ற பெயரால் நடந்து வந்தன. 1858 ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் அதற்கென்று ஒரு சட்டமே பிறந்தது. உடைப்பு அபாயம் நேரும்போது உழைப்பாளி வர்க்கத்தாரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க அது அதிகாரம் அளித்தது. நிலம் ஒருவருடையதாகவும் மண் சுமக்கும் தலை வேறொருவருடையதாகவும் இருந்த அந்தக் கட்டாயத்தை யாரும் திரும்ப விரும்ப மாட்டார்கள், நானும் விரும்பவில்லை. ஆனால் கரை என்பது சர்க்காருடைய சொத்து மாத்திரம் அன்று, அதன் அருகே வாழ்கிற அனைவருடைய பொறுப்பும் ஆகும் என்னும் உணர்வு அதனோடு சேர்ந்து போய்விட்டது பெரிய நஷ்டம். இன்று கோரையாற்றங்கரையில் கரைக்காவல் ஊழியரான ஒரு லஸ்கர் தனியாக நடந்து பார்க்கிறார்; அவர் யாரென்று கரையோரத்து வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த உணர்வை மீட்பது அசாத்தியம் என்று எண்ண வேண்டியதில்லை. ஒடிஷாவில் 1999 அக்டோபரில் வீசிய பெரும்புயல் சுமார் பதினாயிரம் பேரை மாய்த்தது. 2013 அக்டோபரில் பைலின் என்னும் கடும்புயல் அதே மாநிலத்தைத் தாக்கியபோது, ஏறத்தாழ பத்து லட்சம் ஜனங்கள் முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டிருந்தபடியால் மரணங்கள் சில பத்துக்களோடு நின்றன. நடுவே கழிந்த வருஷங்களில் அங்கே கட்டப்பட்டவை புயல் காப்பிடங்கள் மட்டுமல்ல. கிராமந்தோறும் யார் எச்சரிப்பது, யார் யாரைத் தாங்கிச் செல்வது என்று பழகிக்கொண்ட குழுக்களும் உருவாயின.

திருச்சியில் அதற்கு வேண்டியவை பெரும் பொருட்செலவைக் கோருபவை அல்ல. மணப்பாறைப் பக்கத்து ஏரிக்கரையில் இருக்கும் ஒருவர், கலிங்கு வழிய ஆரம்பித்த நிமிஷத்திலேயே புத்தூரில் இருக்கும் ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்லும் ஏற்பாடு ஒன்று இருந்தால், வெள்ளம் நகரத்துக்கு வந்து சேருமுன் அரிசியையும் பத்திரங்களையும் குழந்தைகளையும் மேலே ஏற்றிவிட அவகாசம் கிடைக்கும். மேலூர்க்காரருக்கும் கீழூர்க்காரருக்கும் இடையிலான இந்த ஸ்நேகமே எல்லாவற்றிலும் முக்கியம் என்பது என் அபிப்பிராயம். 1977 இலும் 2005 இலும் தண்ணீர் ஏறி நின்ற மட்டத்தை, அதைக் கண்டவர்கள் உயிரோடிருக்கும்போதே பள்ளிக்கூடச் சுவர்களில் குறித்து வைக்க வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு மனை வாங்குகிறவர் யோசித்து வாங்குவார். உய்யக்கொண்டானிலும் குடமுருட்டியிலும் ஆகாயத்தாமரை மண்டுவதைப் பற்றி அதிகாரிகளிடம் ஆடி மாதத்திலேயே கேட்க வேண்டும். ஐப்பசியில் கேட்டுப் பயன் இல்லை.

மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபைகள் கூட்டுவதற்கான விதிகள் 2022 இல் வந்தன. அவ்வருஷம் நவம்பர் 1 ஆம் தேதி உள்ளாட்சி தினத்தில் அவை கூடவும் செய்தன. நவம்பர் என்பது வடகிழக்குப் பருவமழையின் நடுப்பகுதி; வெள்ளத்துக்கு ஆயத்தமாக அப்போது கூடுவது காலம் கடந்த காரியம். ஆகவே உறையூர், புத்தூர், கருமண்டபம், ஸ்ரீரங்கம் வாசிகளை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: இவ்வருஷம் புரட்டாசி முடிவதற்குள் உங்கள் பகுதி சபையைக் கூட்டும்படி வார்டு உறுப்பினரைக் கேளுங்கள், பொதுப்பணியைப் பார்க்கும் பொறியாளரையும் கரையில் நடக்கும் லஸ்கரையும் அங்கே வரவழையுங்கள், உங்கள் தெருவில் தாமாக நடக்க இயலாதவர்களின் பெயர்களையும், ஒவ்வொருவருக்கும் துணை நிற்கப்போகிறவரின் பெயரையும், அன்றைக்கே எழுதி வைத்துவிட்டுக் கலையுங்கள்.