அம்பேத்கரை வரைந்த கோண்டுக் கைகள்

துணிக்கடைப் பையில், காபிக் கோப்பையில், காலண்டரில், கொம்புகள் மரமாகக் கிளைத்து நிற்கும் மானை நம்மில் பலர் பார்த்திருப்போம். உடல் முழுக்கப் புள்ளியும் கோடும். கோண்டு ஓவியம் என்பார்கள். வரைந்தவர் யார் என்றால் கடைக்காரருக்குத் தெரியாது. அச்சிட்டவருக்கும் பெரும்பாலும் தெரியாது.

மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டுகள் பாணர் மரபினர். பானா என்னும் நரம்புக் கருவியை மீட்டி, கோண்டுக் குடும்பங்களின் குலக்கதைகளைப் பாடிப் பிழைத்தவர்கள். ஆதரித்தவர்கள் நொடித்தபோது பாட்டும் தேய்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ஓவியர் ஜெ.சுவாமிநாதனின் குழு, ஜங்கர் சிங் ஷ்யாம் என்ற இளைஞரைப் போபாலின் பாரத் பவனுக்கு அழைத்து வந்தது. பாட்டில் இருந்த தெய்வங்கள் தாளுக்கு வந்தன. 1989இல் பாரிஸ் கண்காட்சி வரை போனார். 2001இல் ஜப்பானில், ஓர் அருங்காட்சியகத்துக்கு வரையப் போன இடத்தில், உயிரை மாய்த்துக்கொண்டார். நாற்பதை ஒட்டிய வயது. பழங்குடிக் கலை உலகமெங்கும் போய்விட்டது என்று பெருமை பேசுகிறவர்கள் இந்த மரணத்தைச் சட்டென்று தாண்டிவிடுகிறார்கள். நம்மால் அப்படித் தாண்ட முடியவில்லை.

அவர் வழியில் வந்தவர்கள்தான் துர்காபாய் வ்யாமும் சுபாஷ் வ்யாமும். வீட்டுச் சுவரிலும் தரையிலும் பெண்கள் இடும் திக்னா கோலத்தில் கைபழகியவர் துர்காபாய். 2011இல் இருவரும் அண்ணலின் வாழ்க்கையை வரைந்தார்கள். அதுதான் பீமாயணம். சித்திரக்கதை என்றால் கட்டம் கட்டமாக இருக்கும் அல்லவா? இவர்கள் கட்டத்துக்குள் மனிதரை அடைக்க மறுத்துவிட்டார்கள். தாகத்தில் தவிக்கும் சிறுவன் பீமின் உடலுக்குள் மீன்கள். சாதி நஞ்சைக் கக்குபவர் பேசினால் பேச்சுக் குமிழுக்குத் தேள்கொடுக்கு. அன்பாகப் பேசுவோரின் சொற்களுக்குப் பறவை வடிவம். தீண்டாமையை ஆயிரம் பக்கம் எழுதிய நமக்கு, அந்தத் தேள்கொடுக்கு தோன்றவே இல்லை. சேரிக்கும் காட்டுக்கும் இடையே இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம்.

குறையும் உண்டு. கதையை எழுதியவர்கள் கோண்டுகள் அல்லர். படம் அவர்களுடையது, வாசகம் இன்னொருவருடையது என்ற ஏற்பாடு பழங்குடிக் கலையில் இன்னும் வழக்கமாகவே இருக்கிறது. சினிமாவில் இதை உடைத்தவர்களில் ஒருவர் ஜார்க்கண்டின் பிஜு டோப்போ. ஒராவோன் சமூகத்தவர். சுரங்கத்துக்கும் அணைக்கும் நிலம் இழந்தவர்களின் கதையைக் கேமராவுக்குப் பின்னால் நின்று தாமே சொன்னார். அவர் தாய்மொழியான குடுக், தமிழைப்போலவே திராவிட மொழி. அந்த மொழியிலும் படம் எடுத்திருக்கிறார். நம் ஊர்த் திரைப்பட விழாக்காரர்கள் ஈரான் படத்துக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியை இதற்கும் கொடுக்கலாம்.

உரிமைப் பேச்சுக்கு வருவோம். கோண்டு ஓவியத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வட்டாரப் பெயரைப் பிறர் திருடாமல் காக்க அது உதவும். ஆனால், ஒரு கலைஞர் வரைந்த மானை அவர் பெயரின்றி அச்சிடுவதைத் தடுக்க வேண்டியது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அதன் 57ஆம் பிரிவு தருகிறது. வழக்குப் போட வக்கீலும் பணமும் யாரிடம் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

நம் பறைக்கும் இதே கதைதான். விழா அழைப்பிதழில் அமைச்சர் தொடங்கி வார்டு உறுப்பினர் வரை பெயர் இருக்கும். ஆடுகிறவர்கள் மட்டும் 'கலைக்குழுவினர்'. பீமாயணத்தின் அட்டையில் துர்காபாய், சுபாஷ் பெயர்கள்தான் முதலில் இருக்கின்றன. எழுதியவர்கள் பெயர் அடுத்துத்தான் வருகிறது.