படத்திற்கேற்ற கோப்பு வேண்டும்

இணையச் செயலிகள் சிலவற்றில் ஒரு வழக்கம் காணப்படுகிறது. நாம் எந்தப் படத்தை ஏற்றினாலும், அதை ஜேபெக் என்னும் ஒரே கோப்பு வடிவுக்கு மாற்றிச் சேமித்துவிடுகின்றன. மலைக்காட்சியும் மின்சுற்று வரைபடமும் அங்கே ஒன்றாகவே நடத்தப்படுகின்றன. இது எளிய முறைதான். ஆனால் சரியான முறையன்று என்பதே என் கருத்து.

1200 புள்ளி அகலமும் 800 புள்ளி உயரமும் கொண்ட வண்ணப் படத்தில் 9,60,000 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைக் குறிக்க மூன்று பைட்டுகள் வேண்டும். ஆக 28,80,000 பைட்டுகள். இதை அப்படியே அனுப்பினால் நேரமும் பணமும் வீணாகும்; எனவே சுருக்க வேண்டியுள்ளது. சுருக்கும் முறையில்தான் கோப்பு வடிவங்கள் வேறுபடுகின்றன.

1992-இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பல கொசைன் அலைகளின் கூட்டாக எழுதுகிறது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் வெளியிட்ட கணித முறை இது. புகைப்படத்தில் மெதுவாக மாறும் அலைகளே பெரும்பங்கு வகிக்கின்றன. விரைந்து மாறும் அலைகளைத் தோராயமாக எழுதினாலும் நம் கண் எளிதில் அறிவதில்லை. வானம், முகம் போன்றவற்றில் நிறம் படிப்படியாக மாறுவதால் இம்முறை அங்கே நன்கு பயன்படுகிறது.

எழுத்தின் விளிம்போ கறுப்பிலிருந்து வெள்ளைக்குச் சட்டெனத் தாவுகிறது. அத்தாவலைக் காட்ட விரைந்து மாறும் அலைகள்தாம் தேவை. அவற்றை மிகவும் குறைத்துவிட்டால் எழுத்தைச் சுற்றிக் கறை படிகிறது. 3.5 என்பதில் தசமப் புள்ளி மங்கினால் 35 ஆகிவிடும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தால் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். பாடப் படத்தில் இது சிறு குறையா?

1996-இல் வந்த பி.என்.ஜி. வடிவம், பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு அடுத்த புள்ளியை ஊகித்து, வேறுபாட்டை மட்டும் எழுதுகிறது. திரும்பத் திரும்ப வரும் தொடர்களைச் சுருக்குகிறது. ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. சில நிறங்களே உள்ள வரைபடத்தில் கோப்பும் சிறிதாகவே அமையும். 2001-இல் தரப்படுத்தப்பட்ட எஸ்.வி.ஜி.யோ, ‘இம்மையத்தில் இவ்வளவு ஆரத்தில் வட்டம் வரைக’ என்பது போன்ற கட்டளைகளையே சேமிக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காது.

அப்படியானால் எல்லாவற்றையும் பி.என்.ஜி. ஆக்கிவிடலாமே எனச் சிலர் கேட்கலாம். அதுவும் தவறு. புகைப்படத்தில் அடுத்தடுத்த புள்ளிகள்கூடச் சற்றே மாறுபடுவதால் ஊகம் அடிக்கடி பிழைக்கும்; கோப்பு ஜேபெக்கைப் போலப் பல மடங்கு பெருக்கும். மெதுவான இணைப்பில் பாடம் படிக்கும் சிற்றூர் மாணவனுக்கு அது வீண் சுமை. 2010-இல் அறிமுகமான வெப்பி வடிவம் இழப்புடனும் இழப்பின்றியும் சுருக்க வல்லது. எனினும் எந்தப் படத்துக்கு எந்த முறை என்பதை யாரேனும் தீர்மானித்தே ஆகவேண்டும். அதைத் தீர்மானிக்காமல் விடுவதே இங்குள்ள குறை.

ஆகவே செயலி எழுதுவோர் புகைப்படத்துக்கு ஜேபெக்கும், எழுத்துள்ள படத்துக்கு பி.என்.ஜி.யும், கோட்டுப்படத்துக்கு எஸ்.வி.ஜி.யும் ஏற்கும்படி அமைக்க வேண்டும். மாணவர்களே, நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். சிறிய எழுத்துகள் கொண்ட படம் ஒன்றை பி.என்.ஜி. ஆகவும், குறைந்த தரத்தில் ஜேபெக் ஆகவும் சேமித்து, இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். நாளை செயலி எழுதப்போகும் உங்களில் சிலருக்கு அந்தக் கறை படிந்த விளிம்பு நினைவிருந்தால் போதும்.