எல்லா வேலைக்கும் ஒரே நாயா?

கிளேபாங்கில் இருக்கும் ஒரு தம்பி வாட்சாப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "அக்கா, எங்க தாமான் வீட்டுல ஒரு நாய்தான் வளர்க்க முடியும். அப்பாவோட செம்பனைத் தோட்டத்துல பன்றி விரட்டணும், வீட்டையும் பார்த்துக்கணும், யூடியூப்ல வர்ற மாதிரி காட்டுல விழுந்து கிடக்கிற மான் கொம்பையும் தேடி எடுக்கணும். ஊர்ல இருந்து சிப்பிப்பாறை வரவழைக்கலாமா?"

நேயர் விருப்பப் பாட்டுக்குக் கூட யாரும் இத்தனை நிபந்தனை போட்டதில்லை!

சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் கண்ணால் வேட்டையாடுகிறவை. தென் தமிழகத்தின் திறந்த பொட்டலில் ஓடும் முயலைக் கண்டதும் அம்பாகப் பாயும். ஓடாமல் புல்லுக்குள் கிடக்கும் கொம்பு அதன் கண்ணுக்கு ஒரு பொருட்டே இல்லை. காட்டுப்பன்றிக்குப் பேர்போனவை ராஜபாளையமும் கோம்பையும். ராஜபாளையத்துக்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது. ஆனால் முன்பின் தெரியாதவரை அது லேசில் சேர்த்துக்கொள்ளாது. ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் தாமானில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே, அதைச் சங்கிலியில் கட்டிப் போடத்தான் வேண்டியிருக்கும். ஓடப் பிறந்த நாய்க்கு அது ஆயுள் தண்டனை.

கொம்பு தேடுவது மூக்கின் வேலை. ஆடு மாட்டுக் கொம்பு போலில்லாமல் மான் கொம்பு விழுந்து விழுந்து முளைக்கும். புதிதாக விழுந்ததன் அடிப்பகுதியில் வாடை நன்றாக இருக்கும், வெயிலும் மழையும் பட்டால் மங்கிவிடும். அமெரிக்காவில் இதற்கு அதிகம் பழக்குவது லாப்ரடோரைத்தான். மூக்கும் கூர்மை, எடுத்ததைக் கடிக்காமல் கையில் கொண்டுவந்து கொடுக்கும் குணமும் உண்டு. ஜெர்மன் வயர்ஹேர்டு பாயின்டர் இன்னும் பலவேலைக்காரன். நம் புழுக்கத்தில் அந்த முரட்டு முடியோடு அது படும் பாட்டை நினைத்தால் எனக்கு மனசு வரவில்லை.

தம்பி, சட்டத்தையும் பாருங்கள். நம் காட்டு ருசா மானின் கொம்பை, தானாக விழுந்ததே ஆனாலும், உரிமமில்லாமல் வீட்டில் வைத்திருப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பன்றி வேட்டைக்கும் பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். பன்றி வேட்டைக்கென்றே உருவான டோகோ அர்ஜென்டினோவை இந்நாட்டுக்குள் கொண்டுவரவே தடை. தந்தம் முளைத்த ஆண் பன்றி ஒரே குத்தில் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பெரியவர்கள் நாலைந்து நாயோடு போனது சும்மா இல்லை. ஒற்றை நாயை அனுப்பாதீர்கள்.

பன்றிக்கு வேலி போடுங்கள். நாய்க்குத் தேடும் விளையாட்டைக் கொடுங்கள். கொம்புக்குப் பதில் ஒரு கொட்டாங்கச்சி போதும். முதலில் கண்ணெதிரே வீசுங்கள், பிறகு புல்லில் ஒளியுங்கள், அப்புறம் நேற்றே ஒளித்து வைத்ததைத் தேடச் சொல்லுங்கள். கையுறை போட்டு ஒளியுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கை வாடையைத்தான் அது தேடும்.

லாப்ரடோரோ நம்மூர்க் கலப்போ, குட்டியை எடுக்குமுன் தாயைப் பாருங்கள். அது பதுங்கினாலோ சீறினாலோ யோசியுங்கள். ஏழெட்டு வாரக் குட்டிக்கு முன்னால் பழைய காலுறையைச் சுருட்டி வீசுங்கள். ஓடிப்போய்க் கவ்வி உங்களிடமே திரும்பி வந்தால் அதைத் தூக்கிக்கொள்ளலாம். கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடினால் அடுத்த குட்டிக்கு வீசிப் பாருங்கள். மாநகர் மன்ற உரிமத்தை மட்டும் குட்டி வீட்டுக்கு வருமுன்பே விசாரித்துவிடுங்கள்.