அடுத்து எந்த டிஸ்டோபியா? மனப்பாடப் பட்டியலுக்கு ஒரு மறுப்பு

டிஸ்டோபியப் புதினங்களில் அடுத்து எதைப் படிப்பது என்று ஓர் ஆய்வு மாணவர் கேட்டால், கிடைக்கும் விடை பெரும்பாலும் மனப்பாடமானது: ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்', ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451', மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்'. திருப்பதியில் கேட்டாலும் சென்னையில் கேட்டாலும் வரிசை மாறுவதில்லை. இந்நூல்களின் தகுதியை எவரும் மறுக்க இயலாது. இவற்றோடு வாசிப்பு முடிந்துவிடுவதுதான் கண்டிக்கத்தக்கது.

இப்பட்டியலுக்குச் சொல்லப்படும் முதல் நியாயம், இவை எதிர்காலத்தைச் சரியாகக் கணித்தன என்பது. இலக்கியத் திறனாய்வு கிளி ஜோசியமாகும் இடம் இதுவே. யெவ்கெனி ஸமியாத்தின் 1920–21இல் எழுதிய 'நாம்', 1924இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சோவியத் மண்ணில் அச்சேற அது 1988 வரை காத்திருக்க நேர்ந்தது. வெறும் எதிர்காலக் கற்பனைக்கு எந்த அரசும் அவ்வளவு காலம் அஞ்சாது. ஆர்வெல் 1903இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். தந்தை ஆங்கில அரசின் அபின் துறை அலுவலர். 1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல் அதிகாரியாகவும், 1941 முதல் 1943 வரை பிபிசியில் இந்தியாவுக்கான ஒலிபரப்பிலும் அவர் பணியாற்றினார். கண்காணிப்பையும் பிரச்சாரத்தையும் உள்ளிருந்தே பார்த்தவர் அவர். வரலாற்றில் எங்கும் நிகழ்ந்திராத எதையும் தம் புதினத்தில் சேர்க்கவில்லை என்று அட்வுட்டும் பலமுறை கூறியுள்ளார். கண்டதையே அவர்கள் எழுதினார்கள் எனில், இங்கே கண்டதை எழுதிய நூல்கள் எவை என்பதே வாசகர் அடுத்து எழுப்ப வேண்டிய வினா.

விடைக்குப் பஞ்சமில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். பெயர்கள் இரண்டெழுத்தில் அடங்க வேண்டும். ஜீவா என்னும் ஒற்றைத் தலைவரின் உருவம் எங்கும் நிறைந்திருக்கும். 1975–77 நெருக்கடி நிலையின் தணிக்கையையும் கட்டாயக் கருத்தடையையும் கண்டிருந்த வாசகர்களுக்கு அது வேற்றுக்கிரகக் கதையாக இருந்திருக்க முடியாது. ஆயினும் ஆய்வுலகம் அதனை 'வெகுஜன இதழ்த் தொடர்' என்று ஒதுக்குகிறது. பிராட்பரியின் நூலே 1951இல் 'கேலக்ஸி' என்னும் வெகுஜன அறிவியல் புனைகதை இதழில் வெளியான ஒரு குறும்புதினத்தின் விரிவுதான். அமெரிக்க இதழுக்குப் பொருந்தாத இழுக்கு தமிழ் இதழுக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்? சுஜாதாவின் நடையில் விளையாட்டுத்தனம் மிகுதி. பாத்திரங்களில் ஆழம் குறைவு. இக்குறைகளைப் படித்த பின் சொல்வது திறனாய்வு. படிக்காமலே சொல்வதற்கு அப்பெயர் பொருந்தாது.

பெருமாள்முருகனின் 'பூனாச்சி' 2016இல் வெளிவந்தது. 'மாதொருபாகன்' மீதான எதிர்ப்புக்குப் பின், 2015 ஜனவரியில் தம்முள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவித்திருந்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு அவர் மீண்டும் எழுத வழி திறந்தது. ஆட்டுக்குட்டிக்குக் காது குத்திப் பதிவு செய்ய மக்கள் வரிசையில் நிற்பதும், இருளில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் கறுப்பு ஆடுகளை அரசு ஐயுறுவதும் அந்நூலில் உண்டு. அந்த வரிசையில் வாய்திறக்க அஞ்சி நிற்பவர்களைப் படிக்கும் வாசகர், தாம் நின்ற வரிசைகளை நினைக்காமல் கடக்க முடியாது. ஆர்வெல்லின் லண்டன் அந்த நெருக்கடியை இவ்வளவு அருகில் கொண்டுவருவதில்லை.

பிரயாக் அக்பரின் 'லைலா' (2017) சமூகவாரியாக மதில்களால் பிரிக்கப்பட்ட நகரில் மகளைத் தேடும் தாயின் கதை. அதனை எதிர்கால எச்சரிக்கை என்று வகுப்பறையில் விளக்குவோர், மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித்துகளைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008இல்தான் இடிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாருக்கு அது எதிர்காலம், யாருக்கு இறந்தகாலம் என்ற கேள்வியின்றி டிஸ்டோபியா என்னும் சொல்லே பொருளிழக்கிறது.

குடிபாலா போன்ற எல்லை ஊர்களிலிருந்து வரும் மாணவருக்கு இத்தேர்வு இன்னும் கூர்மையானது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. வேலூர் கூப்பிடு தூரத்தில் இருக்க, வீட்டில் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு, ஆய்வேட்டில் ஆங்கிலம் என்று வாழ்பவர்கள் அங்கு உண்டு. தமிழ் பேசத் தெரிந்தும் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்க இயலாத தலைமுறையும் உண்டு. '1984'இல் மொழியைச் சுருக்க ஓர் அரசே உழைக்கிறது. இங்கே எவரும் ஆணையிடாமலே, பாடத்திட்டமும் பட்டியலும் அதில் பாதி வேலையை முடித்துவிடுகின்றன. நியூஸ்பீக் பற்றி ஐம்பது பக்கம் எழுதும் மாணவர், தம் வீட்டு மொழியின் டிஸ்டோபியாவை ஆங்கில மொழிபெயர்ப்பில்கூடத் தொடாமல் பட்டம் பெறுவது எவ்வகை நியாயம்?

ஆர்வெல்லைக் கைவிடுமாறு எவரும் கோரவில்லை. 'பூனாச்சி'யைப் படித்தபின் '1984'ஐத் திறக்கலாம். 'என் இனிய இயந்திரா'வோடு ஹக்ஸ்லியை ஒப்பிடலாம். உத்தப்புரத்தை அறிந்தபின் 'லைலா'வுக்குச் செல்லலாம். தமிழ் எழுத்து கைவராத மாணவருக்கு 'பூனாச்சி' ஆங்கிலத்திலும் உள்ளது. அடுத்த பருவத்திற்கான பட்டியலைத் தட்டச்சு செய்யும் பேராசிரியர் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தாலே இதற்குத் தொடக்கம் ஆகிவிடும்.