கண்கட்டிக்குச் சூடுதான் மருந்து

எங்கள் இலஞ்சிப் பக்கத்தில் இமையில் கட்டி வந்தால், “உடம்புச் சூடு, ரெண்டு நாள் அருவியில் குளி” என்பார்கள். குற்றாலக் குளியல் சுகம்தான். கண்கட்டிக்கு அது மருந்தல்ல. இமையோர எண்ணெய்ச் சுரப்பி அடைத்து, கிருமி சேர்வதால் வருவது இது. அடைப்பு இளக வெதுவெதுப்பு வேண்டும். விரலை உள்ளங்கையில் தேய்த்து ஒற்றிவிட்ட பாட்டிமார்கள் செய்ததில் பாதி சரி. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியால், பொறுக்கும் சூட்டில், 10 நிமிடம், தினம் 3, 4 தடவை ஒற்றடம் கொடுங்கள். பிதுக்காதீர்கள். நாமக்கட்டி பூசாதீர்கள். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து, கண் அழுத்தத்தை ஏற்றிப் பார்வையையே கெடுக்கலாம்.

அடிக்கடி வந்தால் சர்க்கரையைப் பாருங்கள். என் வயதுக்காரர்களுக்கு இன்னொன்று: ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அபூர்வமாக அது புற்றாகவும் இருக்கலாம். திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது; ஒரு நடை போய்க் காட்டிவிடுங்கள்.