ப்ளெத்தோரா வியாபாரம்

ஐஇஎல்டிஎஸ் பயிற்சி என்ற பெயரில் நம் ஊர்களில் நடக்கும் ஒரு காரியத்தைக் கண்டித்தே இன்று எழுதுகிறேன். தேர்வின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேற்று நாட்டில் நோயாளியைக் கவனிக்கப் போகிறவருக்கு அந்த நாட்டு மொழி தெரியுமா என்று கேட்பது நியாயம்தான். என் கோபமெல்லாம், ஆங்கிலம் கற்றுத் தருவதாகக் காசு வாங்கிக்கொண்டு அகராதியை மனப்பாடம் செய்யச் சொல்பவர்கள் மேல்.

என் தம்பி மகள் நர்ஸ். பிரிட்டனில் பதிவு செய்ய அங்குள்ள நர்ஸிங் கவுன்சில் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7 கேட்கிறது. அவள் சேர்ந்த பயிற்சி மையத்தில் தினம் முப்பது 'அட்வான்ஸ்டு' வார்த்தைகள். 'மெனி' எழுதக் கூடாது, 'ப்ளெத்தோரா' எழுது. 'காமன்' கூடாது, 'உபிக்விட்டஸ்' எழுது. "கஷ்டமான வார்த்தை போட்டாதான் பேண்ட் ஏறும்னு சொல்றாங்க, பெரியப்பா" என்றாள். எழுத்தில் 6தான் வந்தது. மறுபடி ஃபீஸ், மறுபடி அதே பட்டியல்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்பது ரகசியம் இல்லை. எழுத்துத் தேர்வில் நான்கு அளவுகோல்கள்: கேட்டதற்குப் பதில் சொன்னாயா, கோர்வையாகச் சொன்னாயா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம பங்கு. ஆக, சொல்வளம் கால் பங்குதான். அந்தக் கால் பங்கிலும் சொல் பொருத்தமாக, இயல்பாக விழுந்திருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். நீளமான வார்த்தைக்குத் தனிப் பரிசு எதுவும் இல்லை.

'ப்ளெத்தோரா' என்றால் வெறும் 'நிறைய' அல்ல, தேவைக்கு மேல் மிஞ்சியது. உடம்பில் ரத்தம் மிகுந்துபோவதைக் குறித்த பழைய வைத்தியச் சொல் அது. அதை எடுத்து எல்லா இடத்திலும் 'நிறைய' என்று ஒட்டினால் படிக்கிறவருக்கு உறுத்தாதா?

நம் வீட்டுச் சமையலறையையே பாருங்கள். சோறு வடிக்கிறோம், குழம்பு வைக்கிறோம், தோசை வார்க்கிறோம், அப்பளம் பொரிக்கிறோம். 'சமை' என்ற ஒரு சொல்லை அகராதியில் படித்துவிட்டு வந்த வெளிநாட்டுக்காரர் 'அப்பளம் சமைத்தேன்' என்றால் நாம் சிரிப்போம். ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வது என்றால் அது எதோடு சேரும், எதோடு சேராது என்று தெரிந்துகொள்வது. அது பட்டியலில் வராது. படித்துப் படித்து, எழுதித் திருத்தித்தான் வரும்.

"அந்தக் காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டு மனப்பாடம் செய்யவில்லையா?" என்று நம் வயதுக்காரர்கள் கேட்கலாம். செய்தார்கள். ஆனால் நிகண்டு பாட்டாக இருந்தது. படித்த பிள்ளைகளுக்குத் தமிழ் தாய்மொழி. கூடவே இலக்கியமும் படித்தார்கள். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, வெறும் ஜெராக்ஸ் தாள் மட்டும் என்றால் அது நிகண்டு ஆகாது.

பட்டியல் மனப்பாடத்துக்கு ஒரு காலம் இருந்தது. ஜிஆர்இ தேர்வில் 2011 வரை எதிர்ச்சொல் கேட்பார்கள். அந்தக் கேள்வியையே பிறகு எடுத்துவிட்டார்கள். ஐஇஎல்டிஎஸ்ஸில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. கேள்வி போனாலும் தாள் விற்கிற வியாபாரம் போகவில்லை.

சொல்லே கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவெரில் காக்ஸ்ஹெட் என்ற அறிஞர் கல்வி சார்ந்த ஆங்கில நூல்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை எண்ணி, 2000இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். மொத்தம் 570 சொற்குடும்பங்கள். அதில் இருப்பவை அனலைஸ், ஃபேக்டர், சிக்னிஃபிகன்ட் மாதிரியான சொற்கள். பாதிக்கு மேல் நம் பிள்ளைகள் கல்லூரிப் புத்தகத்தில் பார்த்தவை. அவற்றைப் பிழையில்லாமல் கையாளத் தெரிந்தாலே பெரிய காரியம்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரிட்டிஷ் வார்டில் ஒரு கிழவர் 'பாஸ் வாட்டர்' பண்ண வேண்டும் என்பார். இரண்டு வார்த்தையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அவர் தண்ணீர் கேட்கவில்லை, சிறுநீர் கழிக்க வேண்டும் என்கிறார். 'ஃபீலிங் பூர்லி' என்றால் உடம்பு சரியில்லை. அங்கே போய் நிற்கிற பெண்ணுக்கு இதுதான் தெரிய வேண்டும். 'உபிக்விட்டஸ்' அந்தக் கிழவருக்கு உதவாது.

பேரப்பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிற பெரியவர்களே, பணத்தை நீட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை கட்டுரை எழுதவைப்பீர்கள்? ஒவ்வொன்றையும் யார் உட்கார்ந்து திருத்துவார்? பிள்ளை நர்ஸாக இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள்: ஓஇடி சொல்லித் தருகிறீர்களா? மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள தேர்வு அது. நோயாளியின் குறிப்புகளைப் பார்த்துக் கடிதம் எழுதச் சொல்வார்கள். பிரிட்டன் கவுன்சில் அதையும் ஏற்றுக்கொள்கிறது.

பதிலுக்கு ஒரு வார்த்தைப் பட்டியலை எடுத்து நீட்டினார்கள் என்றால், பையை மூடிக்கொண்டு எழுந்து வாருங்கள்.