மிச்சம் இருக்கும் ஒரு கட்டம்

பிரிட்டனில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் யூகாஸ் வழியாகத்தான். மொத்தம் 5 இடம் கேட்கலாம். அதில் மருத்துவத்துக்கு 4 மட்டுமே. மிச்சமிருக்கும் ஒன்றில் பலர் போடுவது என்ன? பயோமெடிக்கல் சயின்ஸ்! "டாக்டர் சீட் கிடைக்கலைன்னா இதாவது இருக்கட்டும்" என்ற கதைதான்.

ஒரு படிப்புக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? ரத்தத்தையும் திசுவையும் சோதித்து, நோய் இன்னதென்று டாக்டர் முடிவு கட்ட ரிசல்ட் கொடுப்பது யார்? இதைப் படித்தவர்கள்தானே! அங்கே 'பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்' என்பது சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர். எச்.சி.பி.சி.யில் பதிவு செய்யாமல் யாரும் அப்படிப் போட்டுக்கொள்ள முடியாது.

பதிவுக்கு வழக்கமான வழி, ஐ.பி.எம்.எஸ். அங்கீகாரம் உள்ள பட்டம், கூடவே ஆய்வகப் பயிற்சி. அங்கீகாரம் இல்லையென்றால் கூடுதல் பாடங்கள் படிக்க வேண்டி வரலாம். பயிற்சி இடமும் தானாக மடியில் விழாது. கட்டத்தை நிரப்பினால் போதும் என்பவர் இதையெல்லாம் விசாரிப்பாரா? மூன்று வருடமும் கட்டிய பீஸும் போன பிறகுதான் உறைக்கும். "முடிச்சுட்டு மெடிசினுக்குத் தாவிக்கலாம்" என்பார்கள். அங்கேயும் போட்டிதான் சாமி, அதுவும் கடும் போட்டி!

மக்களே, பிடித்திருந்தால் ஐந்து கட்டத்திலும் இதையே போடுங்கள். பிடிக்கவில்லையா? அந்த ஒரு கட்டம் காலியாகவே கிடக்கட்டும். குடி முழுகிவிடாது.